வண்டியில் ரேடியோ: மூன்று வயர், ஒரு ஃபியூஸ்

அவர் ஒரு வேன் ஓட்டுநர். காலையில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்வார். பகலில் சந்தைக்குக் காய்கறி மூட்டை ஏற்றுவார். வேன் பழையது. கடன் வாங்கி வாங்கியது. மாதத் தவணை இன்னும் பாக்கி.

வேனில் ரேடியோ இல்லை. ஒரு கடையில் ரேடியோ வாங்கினார். கடைப் பையன் அரை மணி நேரத்தில் மாட்டிக் கொடுத்தான். பாட்டு நன்றாகக் கேட்டது. ஓட்டுநருக்கு மகிழ்ச்சி. இரவு வீட்டுக்கு வந்ததும் சத்தத்தை முழுவதும் குறைத்தார். சாவியை எடுத்துக்கொண்டு போய்ப் படுத்தார்.

மறுநாள் காலை சாவியைத் திருப்பினார். 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். என்ஜின் கிளம்பவில்லை. பேட்டரி இறங்கிப் போயிருந்தது. தெருவில் நாலு பேர் சேர்ந்து தள்ளினார்கள். வேன் கிளம்பியது. பிள்ளைகள் அன்று பள்ளிக்குத் தாமதம்.

நான்காம் நாள் ரேடியோ திடீரென்று நின்றது. பேட்டரிக்குப் பக்கத்தில் இருந்த ஃபியூஸ் போயிருந்தது. ஓட்டுநரிடம் வேறு ஃபியூஸ் இல்லை. சிகரெட் பெட்டியில் இருக்கும் வெள்ளித் தாளை எடுத்தார். ஃபியூஸின் மேல் சுற்றினார். மாட்டினார். ரேடியோ மறுபடி பாடியது.

அன்று மாலை பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தார். ரப்பர் கருகும் வாசனை அடித்தது. ரேடியோவுக்குப் பின்னால் இருந்து புகை வந்தது. உடனே வண்டியை நிறுத்தினார். இறங்கி ஓடிப் பேட்டரி வயரைக் கழற்றினார். வேன் தப்பியது. உள்ளே வயர்கள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

பிள்ளைகள் வண்டியில் இருந்தபோது அது நடந்திருந்தால்?

சுடும் மின்சாரம்

வேனை ஒரு மின்வேலை மேஸ்திரியிடம் கொண்டு போனார்.

"மேஸ்திரி, இது வெறும் 12 வோல்ட் பேட்டரிதானே? கையால் தொட்டாலும் ஷாக் அடிப்பதில்லை. இது எப்படிப் புகையும்?" என்று கேட்டார்.

"ஷாக் அடிக்காது தம்பி. ஆனால் சுடும்" என்றார் மேஸ்திரி.

உண்மைதான். வோல்ட் என்பது மின்சாரத்தைத் தள்ளும் அழுத்தம். ஆம்பியர் என்பது ஓடும் மின்சாரத்தின் அளவு. வண்டிப் பேட்டரியில் வோல்ட் குறைவு. அதனால் நம் உடம்பில் மின்சாரம் பாய்வதில்லை. ஆனால் அந்தப் பேட்டரியால் நிறைய ஆம்பியர் கொடுக்க முடியும். என்ஜினைக் கிளப்பும் மோட்டாருக்கு ஒரு நொடியில் 100 ஆம்பியருக்கு மேல் கொடுக்கிற பேட்டரி அது. ரேடியோவின் மெல்லிய வயரில் அவ்வளவு மின்சாரம் ஓடினால் என்ன ஆகும்? வயர் அடுப்புக் கம்பிபோலச் சிவக்கும். மேலே உள்ள உறை உருகும். பக்கத்தில் உள்ள பஞ்சும் துணியும் பற்றிக்கொள்ளும்.

மூன்று வயர்களின் வேலை

ரேடியோவின் முதுகில் பல வயர்கள் தொங்கும். மின்சாரத்துக்கு உரியவை முக்கியமாக மூன்று. கடையில் தனியாக வாங்கும் ரேடியோக்களில் பெரும்பாலும் இந்த நிறங்கள்தான் இருக்கும்.

கறுப்பு: இது எர்த் வயர். வண்டியின் இரும்பு உடம்பில் இணைக்க வேண்டும். பேட்டரியின் மைனஸ் முனையும் அதே உடம்பில்தான் இணைந்திருக்கிறது. மின்சாரம் திரும்பிப் போகும் வழி இது.

மஞ்சள்: இதில் எப்போதும் மின்சாரம் இருக்க வேண்டும். சாவியை எடுத்த பிறகும் இருக்க வேண்டும். ரேடியோவின் நினைவு இதில்தான் இருக்கிறது. கடிகாரம் ஓடுவதும், பிடித்து வைத்த நிலையங்கள் மறக்காமல் இருப்பதும் இதனால்தான். பாட்டுக்கு வேண்டிய முழு மின்சாரமும் பெரும்பாலும் இதன் வழியாகவே வரும்.

சிவப்பு: இது ரேடியோவை எழுப்பும் வயர். சாவியைத் திருப்பினால் இதில் மின்சாரம் வரவேண்டும். சாவியை எடுத்தால் நிற்க வேண்டும். சாவியின் முதல் நிலையில் 'ஏ.சி.சி.' என்று எழுதியிருக்கும். அந்த நிலையில் மின்சாரம் வரும் இடத்தில்தான் சிவப்பை இணைக்க வேண்டும்.

நீல வயர் ஒன்றும் இருக்கும். அது மின்சாரம் வாங்கும் வயர் அல்ல, கொடுக்கும் வயர். தானாக மேலே எழும் ஆண்டெனாவுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் 'எழுந்திரு' என்று சொல்வது அதன் வேலை. அதைப் பேட்டரியில் இணைத்தால் ரேடியோ கெட்டுவிடும். ஆண்டெனாவும் ஆம்ப்ளிஃபயரும் இல்லை என்றால் முனைக்கு டேப் சுற்றி விட்டுவிட வேண்டும்.

பேட்டரி ஏன் இறங்கியது?

கடைப் பையன் சிவப்பையும் மஞ்சளையும் ஒன்றாக முறுக்கினான். இரண்டையும் பேட்டரிக்குக் கொண்டு போனான். அவனுக்கு வேலை சுலபம். ஆனால் ரேடியோவுக்குச் சாவி எடுத்தது தெரியாது. ஓட்டுநர் சத்தத்தைத்தான் குறைத்தார். ரேடியோவை அணைக்கவில்லை. இரவு முழுவதும் அது விழித்தே இருந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சிறிய வண்டியின் பேட்டரி 35 ஆம்பியர்-மணி அளவில் இருக்கும். சும்மா விழித்திருக்கும் ரேடியோ 1 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 மணி நேரத்தில் 12 ஆம்பியர்-மணி போய்விடும். மூன்றில் ஒரு பங்கு. பேட்டரி பழையதாக இருந்தால், மீதி உள்ளது என்ஜினைக் கிளப்பப் போதாது.

சிலர் இதற்கு நேர்மாறாகச் செய்வார்கள். இரண்டையும் சாவி வழியாக இணைப்பார்கள். பேட்டரி இறங்காது. ஆனால் ஒவ்வொரு முறையும் ரேடியோ எல்லாவற்றையும் மறந்துவிடும். அதனால்தான் இரண்டு வயர். இரண்டும் தனித்தனியே போகவேண்டும்.

ஃபியூஸ் எதைக் காக்கிறது?

ஃபியூஸ் ரேடியோவைக் காப்பதற்கு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ரேடியோவின் முதுகில் சொருகியிருக்கும் ஃபியூஸ் ரேடியோவுக்குக் காவல். பேட்டரிக்குப் பக்கத்தில் போடும் ஃபியூஸ் வயருக்குக் காவல். இந்த இரண்டாவது காவல் இல்லாவிட்டால் வண்டியே எரியலாம்.

அந்த வேனில் நடந்தது இதுதான். மஞ்சள் வயர் ஒரு இரும்புத் துளை வழியாக உள்ளே போனது. துளைக்கு ரப்பர் வளையம் போடவில்லை. வண்டி குலுங்கக் குலுங்க, இரும்பு விளிம்பு வயரின் உறையை அறுத்தது. செம்பு வெளியே வந்து இரும்பைத் தொட்டது. இதுதான் ஷார்ட் சர்க்யூட். மின்சாரம் ரேடியோவுக்குப் போகாமல் குறுக்கு வழியில் பாய்ந்தது. ஃபியூஸ் தன் கடமையைச் செய்தது. தான் எரிந்து வயரைக் காத்தது. 'இங்கே கோளாறு இருக்கிறது' என்று சொன்னது. வெள்ளித் தாள் அந்த வாயை அடைத்துவிட்டது.

ஃபியூஸ் போனால் புதிய ஃபியூஸ் போடுவதற்கு முன்னால் காரணத்தைத் தேட வேண்டும். அதே எண் உள்ள ஃபியூஸையே போட வேண்டும். தட்டையான ஃபியூஸின் தலையில் எண் எழுதியிருக்கும். நிறமும் சொல்லும். 10 ஆம்பியர் சிவப்பு. 15 ஆம்பியர் நீலம். 20 ஆம்பியர் மஞ்சள். 30 ஆம்பியர் பச்சை. சாதாரண ரேடியோவுக்குப் பெரும்பாலும் 10 அல்லது 15 போதும். எவ்வளவு என்று ரேடியோவின் மேல் ஒட்டிய தாளில் இருக்கும். 15 போனால் 30 போடுவது வெள்ளித் தாள் சுற்றுவதற்குச் சமம்.

ஃபியூஸ் இருக்கும் இடமும் முக்கியம். பேட்டரியில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ரேடியோவின் முதுகில் மட்டும் ஃபியூஸ் இருந்தால், பேட்டரியிலிருந்து அதுவரை வரும் நீண்ட வயருக்குக் காவல் இல்லை.

மேஸ்திரி செய்த வேலை

மேஸ்திரி முதலில் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றினார். ஏன் மைனஸ் முதலில்? பிளஸ் முனையைக் கழற்றும்போது ஸ்பானர் வண்டியின் உடம்பில் பட்டால் பெரிய தீப்பொறி பறக்கும். மைனஸை முன்பே கழற்றிவிட்டால் அந்தப் பயம் இல்லை. திரும்ப மாட்டும்போது மைனஸ் கடைசி.

கருகிய வயர்களை எல்லாம் வெட்டி எடுத்தார். 2.5 சதுர மில்லிமீட்டர் புது வயர் போட்டார். பேட்டரிக்குப் பக்கத்தில் 15 ஆம்பியர் ஃபியூஸ் வைத்தார். துளைக்கு ரப்பர் வளையம் போட்டார். மஞ்சள் வயரை அங்கே இணைத்தார்.

சிவப்புக்கு மின்சாரம் எங்கே என்று தேடவேண்டும். அதற்காக மட்டும் பேட்டரியை மறுபடி மாட்டினார். டெஸ்ட் லைட்டை எடுத்தார். அது ஒரு சிறு பல்பு. ஒரு முனையில் ஊசி, மறு முனையில் கிளிப். கிளிப்பை வண்டியின் இரும்பில் மாட்டினார். ஊசியால் ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்த்தார். சாவி இல்லாமலே எரிந்தால் அது எப்போதும் மின்சாரம் உள்ள வயர். சாவி போட்டால் மட்டும் எரிந்தால் அது சிவப்புக்கு உரியது. வண்டியின் வயர் நிறமும் ரேடியோவின் வயர் நிறமும் ஒன்றாக இருக்கும் என்று நம்பக் கூடாது. கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சோதித்துப் பார்த்த பிறகு பேட்டரியை மறுபடி கழற்றிவிட்டு இணைத்தார்.

கறுப்பு வயருக்கு இரும்பில் பெயிண்ட்டைச் சுரண்டினார். போல்ட் வைத்து முறுக்கினார். பெயிண்ட்டின் மேல் இணைத்தால் பாட்டு விட்டு விட்டு வரும். இணைப்புகளுக்கு ஈயம் வைத்துப் பற்றவைத்து மேலே உறை போட்டார். வெறும் டேப் வெயிலில் பசை இளகிக் கழன்றுவிடும்.

சில எச்சரிக்கைகள்

பெரிய லாரிகளிலும் பேருந்துகளிலும் பெரும்பாலும் 24 வோல்ட். 12 வோல்ட் பேட்டரி இரண்டை வரிசையாக இணைத்திருப்பார்கள். 12 வோல்ட் ரேடியோவை அங்கே நேராக மாட்டினால் கெட்டுப்போகும். ஒரு பேட்டரியில் இருந்து மட்டும் எடுத்தால் அந்தப் பேட்டரி சீக்கிரம் வீணாகும். 24 வோல்ட்டை 12 வோல்ட்டாகக் குறைக்கும் கருவி வேண்டும்.

புதிய கார்களில் விபத்தின்போது விரியும் காற்றுப் பை இருக்கும். அதன் கப்ளரும் உறையும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். ரேடியோவின் மஞ்சள் வேறு, அது வேறு. அதில் டெஸ்ட் லைட் வைக்கக் கூடாது.

கம்பெனி ரேடியோ இருந்த கார் என்றால் வயரை வெட்ட வேண்டாம். அந்தக் காருக்குப் பொருந்தும் கப்ளர் டெல்லி கரோல் பாக், பெங்களூர் ஜே.சி. சாலை போன்ற கடைவீதிகளில் கிடைக்கும். உள்ளூர் கார் சாமான் கடையிலும் சொல்லி வைத்து வாங்கலாம். வயரை வெட்டியதைக் காரணம் காட்டிக் கம்பெனி உத்தரவாதத்தை மறுக்கலாம்.

கேட்டு வாங்குங்கள்

ரேடியோ மாட்டக் கொடுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். நாலு கேள்வி கேளுங்கள்.

1. சிவப்பும் மஞ்சளும் தனித்தனியாகப் போகிறதா?
2. பேட்டரிக்குப் பக்கத்தில் ஃபியூஸ் இருக்கிறதா? எத்தனை ஆம்பியர்?
3. இரும்புத் துளைக்கு ரப்பர் வளையம் போட்டாயிற்றா?
4. சாவியை எடுத்தால் ரேடியோ அணைகிறதா?

நாலாவதை நீங்களே சோதிக்கலாம். கடையை விட்டுக் கிளம்பும் முன் சாவியை எடுத்துப் பாருங்கள்.

அந்த ஓட்டுநரின் வேன் இப்போதும் காலையில் பிள்ளைகளை ஏற்றிப் போகிறது. பாட்டும் பாடுகிறது. முன்பெட்டியில் ஒரு சிறு டப்பா இருக்கிறது. அதில் இரண்டு நீல ஃபியூஸ். டப்பாவின் மேல் அவரே தன் கையால் எழுதி ஒட்டியிருக்கிறார்: '15 மட்டும்.'