மறதிக்கு வயது மட்டும்தான் காரணமா?

நந்திதுர்க் லைனில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

அவருக்கு வயது 57. தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 2001 பிப்ரவரி 28 அன்று கோலார் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. பிறகு மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி, பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போனார். உடல் வலிக்கு மருந்து என்று சொல்லித் தினமும் குடித்தார்.

ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவினார். கொஞ்ச நேரத்தில், "சோறு போடு" என்றார்.

"ஏங்க, இப்பத்தானே சாப்பிட்டீங்க?" என்றாள் மனைவி.

"நான் எங்கே சாப்பிட்டேன்? பொய் சொல்றியா?" என்று கோபப்பட்டார்.

சுரங்கத்தில் கூட வேலை செய்தவர்களின் பெயர்கள் அவருக்கு நினைவு இருந்தன. இன்று காலையில் நடந்தது நினைவில் இல்லை. "வயசாகிவிட்டது" என்று வீட்டில் சும்மா இருந்துவிட்டார்கள்.

இது வயதினால் மட்டும் வந்த மறதி அல்ல. குடியினாலும் இப்படி மறதி வரும்.

குடி மூளையை என்ன செய்கிறது?

நமது மூளைக்குப் பி-1 என்ற சத்து தேவை. இந்தச் சத்து உடலில் அதிக நாள் தங்காது. தினமும் உணவில் இருந்து கிடைக்க வேண்டும். குடிப்பவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டாலும் குடி அந்தச் சத்தைக் குடலில் சேர விடாது. சத்து இல்லாமல் மூளையின் சில பகுதிகள் கெடுகின்றன. புதிய செய்தியை மனதில் பதிய வைக்கும் பகுதியும் கெடுகிறது. அதனால்தான் பழையது நினைவில் இருக்கிறது, புதியது நிற்பதில்லை.

பல ஆண்டுகள் அதிகமாகக் குடித்தால் மூளை சுருங்கும். ரத்த அழுத்தம் கூடும். பக்கவாதம் வரலாம். போதையில் விழுந்து தலையில் அடிபடலாம். இவை எல்லாம் மறதி நோய்க்கு வழி செய்யும்.

கர்நாடகத்தில் 2007 ஜூலையில் சாராயம் தடை செய்யப்பட்டது. "பிராந்திதானே, சாராயம் இல்லையே" என்று சிலர் சொல்வார்கள். இரண்டிலும் இருப்பது ஒரே ஆல்கஹால்தான். எந்த அளவு குடியும் பாதுகாப்பானது அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் கூறியது.

என்ன செய்யலாம்?

குடிப்பவருக்கு நடை தள்ளாடுகிறதா? போதை இல்லாத நேரத்திலும் குழப்பமாகப் பேசுகிறாரா? பார்வை இரண்டாகத் தெரிகிறதா? உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். குடிப்பழக்கத்தை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். பி-1 ஊசியை உரிய நேரத்தில் போட்டால் மூளையைக் காப்பாற்றலாம். தாமதித்தால் போன நினைவு முழுவதும் திரும்பாமல் போகலாம்.

தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று தானே நிறுத்தக் கூடாது. வலிப்பு வரலாம். டாக்டரின் உதவியோடு நிறுத்த வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் இலவசமாக ஆலோசனை கேட்கலாம்.

கேழ்வரகு, பருப்பு, வேர்க்கடலை, முட்டை ஆகியவற்றில் பி-1 சத்து உண்டு. ஆனால் குடியை விடாமல் இவற்றை மட்டும் சாப்பிட்டால் போதாது.

குடியை நிறுத்தினால் சிலருக்கு நினைவு ஓரளவு திரும்பும். மற்றவர்களுக்கும் மேலும் கெடாமல் தடுக்கலாம்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி மறதி இருக்கிறதா? வயது என்று விட்டுவிடாதீர்கள். இன்றே டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.