ஒரே உயரம், இரு வேறு நிலம்: மோன்ட் பிளாங்க் மலைப்பாதை தரும் புவியியல் பாடம்

நீலகிரியின் தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர் உயரம் கொண்டது. ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் மோன்ட் பிளாங்க் சிகரத்தைச் சுற்றிச் செல்லும் நடைபாதையின் மிக உயர்ந்த கணவாய் 2,665 மீட்டர். வேறுபாடு 28 மீட்டர்தான். ஆனால், தொட்டபெட்டாவில் உச்சிக்கு அருகிலும் மரங்கள் நிற்கின்றன. அந்தக் கணவாயிலோ ஒரு மரம்கூட இல்லை. ஜூன் இறுதியிலும் பனி கிடக்கும். ஏன்?

இந்தக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு மாணவர்களைச் சிறிது நேரம் யோசிக்க விடுங்கள். "உயரம் கூடினால் குளிர் கூடும்" என்று மனப்பாடம் செய்த விடை இங்கே போதாது என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள். தொட்டபெட்டா ஏறத்தாழ 11 டிகிரி வடக்கு அட்சரேகையில் உள்ளது. மோன்ட் பிளாங்க் ஏறத்தாழ 46 டிகிரியில் உள்ளது. டிசம்பர் மாத நண்பகலில் நீலகிரியில் சூரியன் அடிவானிலிருந்து சுமார் 55 டிகிரி உயரத்தில் நிற்கும். ஆல்ப்ஸில் 20 டிகிரிதான். உயரம், அட்சரேகை இரண்டும் சேர்ந்துதான் காலநிலையைத் தீர்மானிக்கின்றன.

பாதையும் படிநிலைகளும்

சுமார் 170 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதை பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து ஆகிய மூன்று நாடுகளின் வழியே செல்கிறது. நடந்து முடிக்கப் பொதுவாக 10 அல்லது 11 நாட்கள் ஆகும். 1767இல் ஜெனீவா அறிவியலாளர் ஓராஸ் பெனடிக்ட் தெ சோசூர் இம்மலையைச் சுற்றிவந்து ஆராய்ந்தார்.

பயணம் தொடங்கும் லெ ஊஷ் கிராமம் சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் உள்ளது. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். அப்படியானால், 2,665 மீட்டர் கணவாயில் எவ்வளவு குறைந்திருக்கும்? மாணவர்களே கணக்கிடட்டும். விடை ஏறத்தாழ 11 டிகிரி.

இந்த மாற்றம் தாவரங்களில் தெளிவாகத் தெரியும். கீழே ஸ்புரூஸ் காடுகள். அதற்கு மேல் லார்ச் மரங்கள். ஊசியிலை மரங்கள் எல்லாம் பசுமை மாறாதவை என்று நாம் சொல்வதுண்டு. லார்ச் அதற்கு விதிவிலக்கு. இலையுதிர் காலத்தில் பொன்னிறமாகி ஊசிகளை உதிர்த்துவிடும். ஏறத்தாழ 2,000 முதல் 2,200 மீட்டரில் மரங்கள் நின்றுவிடுகின்றன. அதற்கு மேலுள்ள குறுகிய கோடை, மரம் வளரப் போதாது. அங்கே புல்வெளிகளும், காற்றுக்குத் தப்பித் தரையோடு மெத்தைபோல் படரும் செடிகளும் உள்ளன. மார்மட் என்னும் கொறிவிலங்கு கோடையில் தின்று கொழுத்து, ஆண்டில் ஏறத்தாழ பாதி நாட்களை வளைக்குள் உறங்கியே கழிக்கும். சரிவுகளில் பூக்கும் ரோடோடென்ட்ரான், நீலகிரியின் காட்டுப்பூவரசுக்கு உறவுச்செடி.

பனியாறு செதுக்கிய நிலம்

ஆறு குடையும் பள்ளத்தாக்கு ஆங்கில 'வி' எழுத்துபோலவும், பனியாறு குடைவது 'யு' எழுத்துபோலவும் இருக்கும் என்று கற்பிக்கிறோம். சாமொனி பள்ளத்தாக்கின் அகன்ற அடித்தளமும் செங்குத்தான பக்கங்களும் இதற்கு நேரடிச் சான்று. பனியூழிக் காலத்தில் பனியாறுகள் சுமந்து சென்ற மோன்ட் பிளாங்க் கருங்கற்பாறைகள், தொலைவிலுள்ள ஜூரா மலைச்சரிவுகளில் இன்றும் கிடக்கின்றன.

இத்தாலி, சுவிட்சர்லாந்து எல்லையிலுள்ள கிராண்ட் கோல் ஃபெரே கணவாய் 2,537 மீட்டர் உயரமுள்ள ஒரு நீர்ப்பிரிமுகடு. இத்தாலியப் பக்கம் விழும் மழைத்துளி போ ஆற்றின் வழியே ஏட்ரியாட்டிக் கடலை அடையும். சில அடி தள்ளிச் சுவிஸ் பக்கம் விழும் துளியோ ரோன் ஆற்றில் கலந்து, ஜெனீவா ஏரியைக் கடந்து, தெற்குப் பிரான்ஸில் மத்தியதரைக் கடலில் சேரும்.

படிகள் சொல்லும் கதை

பயணத்தின் கடைசி நாட்களில், பள்ளத்தாக்கின் எதிர்ச்சரிவில் மெர் தெ கிளாஸ் பனியாறு தெரியும். பெயரின் பொருள் 'பனிக்கடல்'. இதைக் காண்பதற்காகவே 1909இல் மொன்டன்வேர் வரை மலை ரயில் பாதை அமைத்து முடிக்கப்பட்டது. 1988இல் கேபிள் கார் கீழ்நிலையத்திலிருந்து சில படிகள் இறங்கினாலே பனியைத் தொடலாம். அண்மை ஆண்டுகளில் 500க்கும் மேற்பட்ட படிகள் தேவைப்பட்டன. வழியெங்கும் ஆண்டு எழுதிய பலகைகள், "பனி அன்று இந்த மட்டத்தில் இருந்தது" என்று காட்டுகின்றன. புவி வெப்பமாதலை விளக்க இதைவிட எளிய வரைபடம் வேண்டுமா?

வகுப்பறையில் செய்து பார்க்க

தொடக்க வகுப்புகளில், மணல் கலந்த நீரை உறையவைத்து, அந்தப் பனிக்கட்டியைச் சோப்பின்மேல் அழுத்தித் தேய்க்கச் செய்யலாம். விழும் கீறல்களே பனியாற்றின் வேலை. உயர் வகுப்புகளில், ஊர்க் கிணறு அல்லது ஏரியின் நீர்மட்டத்தை மாதந்தோறும் அளந்து, தேதியுடன் சுவரொட்டியில் குறிக்கச் செய்யலாம். மெர் தெ கிளாஸின் பலகைகள் செய்வதும் இதைத்தான். மாற்றத்தைத் தன் கையால் அளந்த குழந்தைக்கு, அது பாடநூலின் ஒரு வரியாக மட்டும் நின்றுவிடாது.