பனை தரும் அக்கானி

கோடையில் நாம் பனையோலைப் பட்டையில் விரும்பிப் பருகும் பதநீரை நம் குமரி மாவட்டத்தில் அக்கானி என்பர். அது எவ்வாறு கிடைக்கிறது தெரியுமா?

பனையேறி காலில் தளைநார் மாட்டி, முருக்குத்தடியை மரத்தில் சாய்த்து ஏறுகிறார். இளம் பாளைகளைக் கடிப்பால் இதமாக நசுக்கிக் கட்டி, நுனியைச் சீவிக் கலயத்தை மாட்டுகிறார். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருப்பார். இல்லையேல் சாறு புளித்துக் கள்ளாகிவிடும்.

கனடா நாட்டில் மேப்பிள் மரத்தில் துளையிட்டு, பிளாஸ்டிக் குழாய்களைத் தொய்வின்றிச் சரிவாக இழுத்துக் கட்டுகின்றனர். சாறு தானாகவே கீழே வந்து சேர்கிறது. பனைக்கும் அவ்வாறு செய்யலாகாதா? செய்தாலும் ஏறும் வேலை நீங்காது. வெட்டிய வாய் அடைபடாதிருக்கப் பாளையைக் காலையும் மாலையும் மெல்லியதாகச் சீவ வேண்டுமே! ஆகவே ஒவ்வொரு பனையிலும் நாள்தோறும் இருமுறை ஏற வேண்டும். கால் தவறினால் உயிருக்கே ஆபத்து.

இறக்கிய அக்கானியை வீட்டுப் பெண்கள் அடுப்பனலில் நெடுநேரம் காய்ச்சி, சிரட்டைகளில் ஊற்றிக் கருப்பட்டி ஆக்குகின்றனர்.

பனை நம் மாநில மரம். ஆயினும் இன்று அதில் ஏறுவோர் குறைந்து வருகின்றனர். தோழியரே, கருப்பட்டிக்கு விலை பேசுமுன் அந்த உழைப்பைச் சற்றே எண்ணிப் பார்ப்போமா?