நிறம் சொல்லாத காரம்

தருமபுரி மாவட்டத்தின் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் தெளிந்த தோற்றத்தோடு இருந்தும், அதைக் குடித்து வளரும் பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை படிவதற்கும், நெடுங்காலம் குடித்தோரின் எலும்பும் மூட்டும் இறுகுவதற்கும் அதிலுள்ள புளோரைடு காரணமாகிறது. அந்தப் புளோரைடு நீரில் மிகுவது, நீர் சற்றே காரத்தன்மை கொண்டிருப்பதோடு நெருங்கிய தொடர்புடையது. ஆதலால் அமிலம், காரம், நடுநிலை என்னும் பள்ளிப்பாடம் இம்மாவட்டத்தில் குடிநீரைப் பற்றிய பாடமாகவும் ஆகிறது.

நீரில் கரையும்போது ஹைட்ரஜன் அயனிகளை, அதாவது நேர்மின்னூட்டம் பெற்ற ஹைட்ரஜன் அணுக்களைத் தருவது அமிலம். ஹைட்ராக்சைடு அயனிகளைத் தருவது காரம். இரண்டும் சம அளவில் உள்ள தூய நீர் நடுநிலை. புளியில் டார்டாரிக் அமிலம் உள்ளது, சுண்ணாம்பு காரம். நாவால் சுவைத்து அறிவது ஆபத்தானது என்பதால், அமிலத்திலும் காரத்திலும் வெவ்வேறு நிறம் காட்டும் நிறங்காட்டிகள் பயன்படுகின்றன. ஆரத்திக்குக் கரைக்கும் மஞ்சள் நீர் சுண்ணாம்பு சேர்ந்தவுடன் சிவப்பது இவ்வகை மாற்றமே. எனினும் எலுமிச்சைச் சாற்றிலும் வெறும் நீரிலும் மஞ்சள் மஞ்சளாகவே இருப்பதால், அமிலத்தையும் நடுநிலையையும் அதனால் பிரித்தறிய இயலாது. அமிலத்தில் இளஞ்சிவப்பாகவும் காரத்தில் பச்சையாகவும் மாறும் செம்பருத்திச் சாறு அந்த வகையில் மேலானது.

நிறம் தன்மையைச் சொல்லுமே தவிர அளவைத் துல்லியமாகச் சொல்லாது. டென்மார்க்கின் வேதியியலாளர் சோரன்சன் 1909இல் வகுத்த பி.எச். அளவுகோலில் 7 நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஓர் எண் கூடினால் ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. இந்தியத் தரநிர்ணயம் குடிநீருக்கு 6.5 முதல் 8.5 வரை அனுமதிக்கிறது.

சிக்கல் இந்த எல்லைக்குள்ளேயே இருக்கிறது. இப்பகுதியின் கடினப் பாறைகளில் உள்ள கருமைக்கா போன்ற கனிமங்களில் புளோரைடு அயனிகள் அடங்கியுள்ளன. ஹைட்ராக்சைடு அயனிகள் மின்னூட்டத்தில் அவற்றை ஒத்தும் பருமனில் அவற்றை நெருங்கியும் இருப்பதால், காரநீர் பாறையை நனைத்துக் கிடக்கும்போது அவற்றின் இடத்தைப் பிடித்து அவற்றை நீருக்குள் தள்ளிவிடுகின்றன. பைகார்பனேட்டு மிகுந்த அந்நீரில் கால்சியம் சுண்ணக்கல்லாகப் படிந்து குறைவதால், புளோரைடைப் பிணைத்து வைக்கவும் ஆளில்லாமல் போகிறது. மஞ்சள்தூளைச் சிவக்கவைக்காத, பி.எச். சோதனையிலும் தேறிவிடுகிற நீர், லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற உச்சவரம்பைக் கடந்த புளோரைடைச் சுமந்திருக்கலாம். எனவே புளோரைடுக்குத் தனிச் சோதனை வேண்டும்; சிர்கோனியம் சேர்ந்த சாயத்தின் நிறத்தை அது வெளுக்கச் செய்யும் அளவைக் கொண்டு கணிப்பது ஒரு முறை.

நீக்குவதற்கும் அமில, காரச் சமநிலையே துணை. நாக்பூரின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய நல்கொண்டா முறையில், படிகாரம் நீரை அமிலப்பக்கம் இழுக்க, சுண்ணாம்பு அதை ஈடுசெய்ய, உருவாகும் அலுமினியப் படிவு புளோரைடைப் பற்றிக்கொண்டு அடியில் தங்குகிறது. நாள்தோறும் அளந்து கலந்து, கசடையும் அகற்ற வேண்டிய இம்முறை வீடுகளில் நீடிப்பது கடினம். ஜப்பானியக் கடனுதவியுடன் 2013இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் காவிரி நீரையே கொண்டுவந்தது. கிணற்று நீரைப்போல் நெடுங்காலம் பாறையிடுக்கில் தங்காத ஆற்று நீரில் புளோரைடு குறைவு. முன்பே படிந்த பற்கறையை அந்நீர் போக்காது. பல்லின் மேற்பூச்சு உருவாகிவரும் எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கே அதன் பலன் முழுமையாகக் கிடைக்கும்.