பாடமாகும் ஊடகம் – 9: கதவைத் திற, நாற்காலியில் உட்கார்

ஒருவர் கதவைத் திறந்து உள்ளே வருகிறார். அறையைக் கடந்து, இன்னொருவருக்கு எதிரே உள்ள நாற்காலியில் அமர்கிறார். இருவரும் ஓரிரு வரி பேசிக்கொள்கிறார்கள். கதை அவ்வளவுதான். 2008-இல் தொடங்கிய பாடத்திட்டத்தின்படி, இங்கிலாந்தில் ஓ.சி.ஆர். தேர்வு வாரியத்தின் ஏ-லெவல் (பள்ளி மேல்நிலை) ஊடகக் கல்வியில் வீடியோவைத் தேர்ந்தெடுத்த மாணவர்கள் முதலில் படம்பிடிக்க வேண்டியிருந்தது இதைத்தான்.

கேட்டால் அரை மணி நேர வேலை போலிருக்கும். எடிட்டிங்கில் உட்காரும்போதுதான் சங்கதி தெரியும். வெளியே நின்று வலது கையால் கைப்பிடியைத் திருகியவர், உள்ளிருந்து எடுத்த ஷாட்டில் இடது கையால் கதவைத் தள்ளிக்கொண்டு வருவார். இரண்டையும் ஒட்டினால் படம் துள்ளும். பேசும் இருவருக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு உண்டு. கேமரா அதன் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும்; தாண்டிவிட்டால், எதிரெதிரே உட்கார்ந்திருப்பவர்கள் திரையில் ஒரே திசையைப் பார்ப்பார்கள். 180 டிகிரி விதி என்பது இதுதான். நினைவு தெரிந்த நாள் முதல் டி.வி. பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, தான் பார்த்த ஒவ்வொரு உரையாடலுக்குள்ளும் அந்தக் கோடு இருந்தது என்பது அன்றைக்குத்தான் உறைக்கும்.

இதை முடித்தவர்கள், ஒரு புதிய திரைப்படத்தின் தொடக்கக் காட்சியை டைட்டிலோடு இரண்டு நிமிடத்துக்குள் எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது.

அச்சு ஊடகத்தைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குப் பள்ளிப் பத்திரிகையின் அட்டைதான் முதல் பயிற்சி. அதன்பின், அதுவரை இல்லாத ஓர் இசைப் பத்திரிகையை உருவாக்க வேண்டும். அட்டை, பொருளடக்கம், இரட்டைப் பக்கக் கட்டுரை ஆகிய மூன்றும் வேண்டும். எழுத்தும் படங்களும் மாணவருடையவையாகவே இருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் குறைந்தது 4 புகைப்படங்கள். இணையத்தில் கிடைக்கும் பாடகியின் படத்தை எடுத்து ஒட்ட வழியில்லை. ஆகவே வகுப்புத் தோழியே ராக் பாடகி ஆகிவிடுவாள். அவளுக்கு எந்த ஜாக்கெட், அவள் சிரிக்கலாமா கூடாதா, பார்வை கேமராவை நோக்கியா வேறெங்கோவா, பத்திரிகையின் பெயரை அவள் தலை மறைக்கலாமா, விலை எவ்வளவு என்று எல்லாவற்றையும் முடிவு செய்தாக வேண்டும். 1981-இல் தொடங்கிய ‘கெர்ராங்’கையும் 1993-இல் தொடங்கிய ‘மோஜோ’வையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒன்று யாருக்காக உறுமுகிறது, மற்றது யாரோடு அமைதியாகப் பேசுகிறது என்பது எழுத்துருவிலேயே தெரிந்துவிடும்.

இவ்வளவையும் செய்து முடித்தால் 100-க்கு 60 மதிப்பெண். ஆய்வுக்கும் திட்டமிடலுக்கும் 20. மீதி 20, செய்ததைத் தானே எடைபோட்டுச் சொல்வதற்கு. அதற்கு ஏழு கேள்விகள். நிஜப் பத்திரிகைகளின் மரபை எங்கே பின்பற்றினாய், எங்கே மீறினாய்? எந்தச் சமூகத்தாரை எப்படிக் காட்டியிருக்கிறாய்? யார் இதை வெளியிடுவார்கள்? ஏழாவது கேள்வி, முதல் பயிற்சியிலிருந்து இதுவரை என்ன கற்றாய் என்பது. ஒரு மாணவரின் முதல் தவற்றையும் மதிப்பெண்ணுக்குரிய பொருளாக்கிய கேள்வி அது. தேர்வுத் தாள்களில் இப்படிப்பட்ட கேள்வியைப் பார்ப்பது அபூர்வம்.

பிரெஞ்சு சிந்தனையாளர் ரோலான் பார்த், 1957-இல் வந்த ‘மித்தாலஜீஸ்’ நூலில் ஒரு சலூன் அனுபவத்தைச் சொல்கிறார். அங்கே அவர் கைக்கு ஒரு ‘பாரி மாட்ச்’ இதழ் வருகிறது. அட்டையில் பிரெஞ்சு ராணுவச் சீருடையில் ஒரு கறுப்பின இளைஞன் சல்யூட் அடிக்கிறான். பிரெஞ்சுப் பேரரசு மகத்தானது, நிறபேதமின்றி அதன் பிள்ளைகள் எல்லோரும் அதற்கு உழைக்கிறார்கள் என்று அந்தப் படம் சொல்லாமல் சொல்வதை அவர் பிரித்துக் காட்டுகிறார். பார்த்தின் இந்தக் குறியியல் இன்றும் ஏ-லெவல் பாடத்தில் இருக்கிறது. தோழிக்குத் தோல் ஜாக்கெட் மாட்டி, “சிரிக்காதே” என்று சொல்லிப் படமெடுத்த மாணவிக்கு அதைப் புரியவைக்க நீண்ட விளக்கம் தேவைப்படாது. அவள் அதைச் செய்தே பார்த்துவிட்டாள்.

அந்தப் பழைய பாடத்திட்டத்தின் இரண்டாம் ஆண்டில் மியூசிக் வீடியோவைத் தேர்ந்தெடுத்தவர்கள், அதோடு ஆல்பத்தின் உறை, பத்திரிகை விளம்பரம், இணையதள முகப்பு ஆகியவற்றில் இரண்டைச் செய்ய வேண்டியிருந்தது. வீடியோவில் கண்ட அதே பாடகர்தான் உறையிலும் விளம்பரத்திலும் இருக்கிறார் என்று வாங்குபவர் நம்ப வேண்டும். மூன்று நிமிடப் பாட்டுக்குப் பின்னால் இத்தனை பேருடைய வேலை இருக்கிறது என்பது அப்போதுதான் பிடிபடும்.

காலம் மாறியது. 1952-இல் பிறந்த ‘என்.எம்.இ.’ இசை வார இதழ் 2018 மார்ச்சில் அச்சை நிறுத்தியது. 1986-இல் தொடங்கிய ‘க்யூ’ 2020-இல் மூடப்பட்டது. புதிய பாடத்திட்டம் டி.வி., பத்திரிகை, வானொலி, மியூசிக் வீடியோ என எதை எடுத்தாலும் அதனுடன் ஓர் இணையதளத்தையும் சேர்த்தே கேட்கிறது. அது சரியான மாற்றம்தான்.

இன்னொரு மாற்றம் சரியல்ல. 2017 செப்டம்பரில் தொடங்கிய புதிய ஏ-லெவலில் செய்முறைக்கு 30 சதவீதம்தான்; எழுத்துத் தேர்வுக்கு 70. ஓ.சி.ஆர். பாடத்திட்டத்தில் முன்பு பாதிக்குப் பாதியாக இருந்தது. முன்பு வீடியோவைக் குழுவாகச் சேர்ந்து எடுக்க முடிந்தது. இப்போது ஒவ்வொருவரும் தனித்தனியே செய்து தர வேண்டும், மற்றவர்கள் நடிக்கலாம், சொன்னபடி கருவியை இயக்கலாம். யார் எவ்வளவு உழைத்தார்கள் என்று அளப்பதற்கு இது வசதிதான். ஆனால் டி.வி. என்பது கூட்டாகச் செய்யும் வேலை. ஒருவர் கேமராவையும் இன்னொருவர் ஒலியையும் பார்த்துக்கொண்டு, எந்த ஷாட்டை வெட்டுவது என்று சண்டை போட்டுக் கற்கும் பாடத்தை எந்த எழுத்துத் தேர்விலும் சோதிக்க முடியாது. அந்த 20 சதவீதத்தை மாணவர்களின் கைக்கே திருப்பித் தர வேண்டும். கதவும் நாற்காலியும் வகுப்பறைக்குத் திரும்பி வர வேண்டும்.