விளக்கணைத்த கொழும்பும் இருளில் பார்க்கும் கருவியும்

2007 ஏப்ரல் 28 ஆம் திகதி இரவு, பார்படோஸில் நடைபெற்ற உலகக் கிண்ண இறுதிப் போட்டியை நாடே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தது. நள்ளிரவு கடந்து கொழும்பின் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. நகரை அண்டிய எரிபொருள், எரிவாயு நிலையங்களை இலக்கு வைத்துப் புலிகளின் இலகுரக விமானங்கள் வந்திருந்தன. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை மாடி வீடுகளில் மெழுகுதிரி ஏற்றவும் தயங்கியோர் பலர். 2009 பெப்ரவரி 20 ஆம் திகதி இரவும் அவ்வாறே நகர் இருண்டது. அன்று ஒரு விமானம் உள்நாட்டு இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் மோதியது.

விளக்கை அணைத்தால் நகர் மறையுமா? வெறுங்கண்ணுக்கு மறையும். விம்பச் செறிவாக்கி பொருத்திய இரவுப் பார்வைக் கருவிக்கு மறையாது. அன்று வந்தவர்கள் எதைக் கொண்டு பார்த்தார்கள் என்பதல்ல நாம் இங்கு பேசுவது. இக்கருவியைப் பற்றிய ஒரு பிழையான எண்ணத்தைக் களைய முற்படுகின்றோம்.

இக்கருவி ஒளியை உண்டாக்குவதில்லை. இருளிலும் எஞ்சியிருக்கும் ஒளியைப் பெருக்குகின்றது. முன்வில்லை வழியே வரும் அற்ப ஒளி, ஒளி பட்டதும் இலத்திரன்களை உமிழும் மெல்லிய படலமொன்றில் விழுகின்றது. வெளிப்படும் இலத்திரன்கள், பல இலட்சம் நுண்துளைகள் கொண்ட கண்ணாடித் தகட்டினுள் பாய்கின்றன. துளைகள் சற்றே சாய்வானவை. ஆதலால் இலத்திரன் சுவரில் மோதி மேலும் சிலவற்றைக் கிளப்ப, அவையும் மோத, ஒன்று ஆயிரக்கணக்காகின்றது. இவை மறுமுனையிலுள்ள திரையில் பட்டு ஒளிரும்போது நாம் காட்சியைக் காண்கின்றோம். பச்சை நிறத்தின் சாயல் வேறுபாடுகளை மனிதக் கண் நன்கு பிரித்தறியும் என்பதாலேயே திரை பச்சையாக அமைந்தது. சிறு பற்றரிகளே போதும். அவற்றிலிருந்து ஆயிரக்கணக்கான வோல்ற்று அழுத்தத்தைக் கருவியே உண்டாக்கிக்கொள்ளும்.

ஆகவே மின்குமிழ்களை விட நிலவே இங்கு முக்கியம். 2007 இல் விமானங்கள் வந்தது வெசாக் பூரணைக்கு மூன்று நான்கு நாள்களே இருந்த வளர்பிறையில். 2009 இல் வந்தது மகா சிவராத்திரிக்கு மூன்று நாள்கள் முன்பு, நிலவு உதிக்காத முன்னிரவில். பூரணை நிலவின் ஒளி, நட்சத்திர ஒளியிலும் நூறு மடங்குக்கு மேற்பட்டது. முகில் மறைக்காவிடில் இக்கருவிக்கு அவ்விரு இரவுகளும் ஒன்றல்ல. பிறை பார்த்து நாள் எண்ணும் நம்மவர்க்கு இதனை விளக்குவது எளிது. வேடிக்கை என்னவெனில், தெருவிளக்கின் பிரகாசமே பழைய குழாய்களின் திரையை வெளுக்கச் செய்துவிடும்!

எனினும் இக்கருவி காட்டுவது உருவத்தை மட்டுமே. வெள்ளவத்தைக் கடலோரப் புகையிரதப் பாதையில் இரவில் நடப்பவரின் கையிலிருப்பது தூண்டிற் கம்பா, துப்பாக்கியா என்பது தூரத்தில் தெளிவாகாது. அவர் தமிழரா, முஸ்லிமா, சிங்களவரா, எதற்காக நடக்கின்றார் என்பதை அது சொல்லவே சொல்லாது. சொல்வது கருவியைப் பிடித்திருப்பவரின் ஊகம். நள்ளிரவுத் தேடுதல்களைக் கண்ட வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வாசிகளுக்கு அந்த ஊகத்தின் விலையை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

வியட்நாம் போரில் அமெரிக்கப் படையினர் நட்சத்திர ஒளியை நம்பி ஏந்திய இக்கருவியை, அந்நாடு ஆயுதத்துக்கு ஒப்பாகவே காவல் செய்கின்றது. புலிகளுக்காக ஏவுகணைகளுடன் இரவுப் பார்வைக் கருவிகளையும் பெற முயன்றதாக 2006 இல் பால்ட்டிமோர் நீதிமன்றில் வழக்குத் தொடரப்பட்டது. ஐ.டி.ரி. நிறுவனம், இத்தொழில்நுட்ப விபரங்களைச் சட்டவிரோதமாக வெளிநாடுகளுக்கு அனுப்பிய குற்றத்தை ஒப்புக்கொண்டு 2007 இல் 10 கோடி டொலர் செலுத்த இணங்கியது.

இதே குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு குழாயோ சத்திரசிகிச்சைக் கூடங்களில் நெடுங்காலம் பணியாற்றியிருக்கின்றது. மங்கலான எக்ஸ் கதிர் விம்பத்தை அது பிரகாசமாக்கிக் காட்ட, முறிந்த எலும்பில் ஆணி சரியாக இறங்குகின்றதா என்பதை வைத்தியர் அவ்விடத்திலேயே பார்த்துக்கொள்வார்.