லைன் கிளியர் கிடைத்தது!

அடுத்த ஸ்டேஷன் 'லைன் கிளியர்' தராமல் ரயில் கிளம்பாது. முப்பத்தைந்து வருட ரயில்வே உத்தியோகத்தில் நான் அறிந்த பாடம். சாஃப்ட்வேர் வேலைக்கும் அப்படி ஒன்று உண்டென்று என் மகள்தான் சொல்லிக் கொடுத்தாள்.

குழந்தைக்காக இரண்டு வருடம் வேலையை விட்டிருந்தவளுக்கு, மறுநாள் ஒரு கம்பெனியிலிருந்து முதல் ஃபோன். "ஜாவா புத்தகத்தை எடும்மா" என்றேன்.

சிரித்தாள். "நாளைக்குப் பேசப்போறது ஹெச்.ஆர்., அப்பா. என்ன வேலை பார்த்தேன், எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறேன், எப்போ சேரலாம், இவ்வளவுதான் கேட்பாங்க. புரோகிராம் எல்லாம் அடுத்த ரவுண்டில்."

சரி, ஒத்திகை பார்ப்போம் என்று நானே ஹெச்.ஆர். ஆனேன். சம்பளத் தொகையைக்கூடத் தயங்காமல் சொன்னாள். "இரண்டு வருட இடைவெளி ஏன்?" என்றதும் குரல் இறங்கிவிட்டது. ஐந்து நிமிடம் சமாதானம் சொன்னாள்.

"என்ன தப்பு செய்தாய், மன்னிப்புக் கேட்க?" என்றேன். பத்துத் தடவை சொல்லிப் பார்த்து இரண்டே வரியாக்கினாள்: "குழந்தையைப் பார்த்துக்கொண்டேன். இப்போது முழு நேரமும் வேலைக்குத் தயார்."

மறுநாள் பேரனை மடியில் வைத்துக்கொண்டு அடுத்த அறையில் காதைத் தீட்டியிருந்தேன். அந்தக் கேள்வியும் வந்தது. குரல் இறங்கவில்லை.

வியாழக்கிழமை அடுத்த ரவுண்டு. வண்டி இன்னும் ஊர் போய்ச் சேரவில்லை; கிளம்பிவிட்டது.